ஊர்க்கார வண்டியின் முறுக்கு

கேள்வி: என் 2001 மாடல் சான்ட்ரோவுக்கு பிரேக்கில் ஏர் எடுக்கப் பார்த்தேன். பின்சக்கரத்து பிளீடர் நிப்பிள் துருவேறி அசைய மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், சுங்குவார்சத்திரம்

பதில்: பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வண்டி. சொந்த மண்ணில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும்.

முதலில், வாய் திறந்த ஸ்பேனரைத் தூரப் போடுங்கள். நிப்பிளுக்கு மொட்டையடித்துவிடும், அதற்கெல்லாம் திருத்தணி இருக்கிறது. ஆறு பட்டை சாக்கெட்தான் சரி, ஆறுமுகன் துணை! துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டி, முதலில் இம்மியளவு இறுக்குங்கள். ஆமாம், இறுக்கத்தான்! துருவின் பிடி அதில்தான் உடையும். பிறகு முன்னும் பின்னுமாக அசைத்துத் தளர்த்துங்கள்.

தம் கட்டித் திருகாதீர்கள். நடுவில் துளையுள்ள திருகு அது, பட்டென்று ஒடியும். 'கேஸ் வெச்சுச் சூடு காட்டுறேன் சார்' என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உள்ளே ரப்பர் கப் இருக்கிறது. பிரேக் ஆயிலும் தீப்பிடிக்கும். மீறி ஒடிந்தால் வீல் சிலிண்டரையே மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் நிப்பிளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வாரியடிக்கும் மழைச்சேறு அந்தத் துளையைத்தான் தேடி வரும்.