இரட்டைக்கிளவியும் இரட்டைப் பிள்ளைகளும்: ஒரு பெயரியல் ஆய்வு

தமிழில் இரட்டைகளுக்குத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே இலக்கணம் உண்டு. 'சலசல' என்பதைப் பிரித்தால் 'சல' என்று நிற்கும். அதற்குப் பொருள் கிடையாது. அது இரட்டைக்கிளவி. 'பாம்பு பாம்பு' என்பதைப் பிரித்தாலும் பாம்பு பாம்புதான். அது அடுக்குத்தொடர். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள், தங்களுக்கே இரட்டைப் பிள்ளை பிறக்கும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறார்கள் என்பதே இந்த ஆய்வின் வினா. கள ஆய்வு சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் நடத்தப்பட்டது.

முதலில் இதிகாசச் சான்று. இரட்டை ஆண் பிள்ளை என்றதும் 'ராமன், லட்சுமணன்' என்று நாக்கு புரள்கிறது. ஆனால் அவர்கள் இரட்டையரே அல்லர், தாயே வேறு. லட்சுமணனோடு பிறந்தவன் சத்துருக்கனன். முறைப்படி பார்த்தால் இந்த ஜோடியைத்தான் வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் அதைப் பிழையில்லாமல் எழுதவேண்டிய வாத்தியாரை நினைத்து நம் முன்னோர் விட்டுவிட்டார்கள் போலும். லவ, குசனிலும் வில்லங்கம்: நாட்டார் கதை ஒன்றின்படி சீதை பெற்றது லவனை மட்டும், குசனை வால்மீகி தர்ப்பைப் புல்லிலிருந்து உண்டாக்கினார். நகுலனும் சகாதேவனும் அப்பழுக்கற்ற இரட்டையர். பாவம், அவர்களை யாரும் சீந்துவதில்லை.

ஆனாலும் அந்தத் தவறான ஜோடிப் பெயர் ஒரு சரியான ஜோடிக்கு வாய்த்தது. 1887இல் கர்னூலில் பிறந்த ஆற்காடு இரட்டையரில் ராமசாமி முதலியார் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவர். லட்சுமணசாமி முதலியார் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நம் ஆய்வுக்கு இதைவிட முக்கியமானது, தம்பி மகப்பேறு மருத்துவர் என்பது. அவருடைய மகப்பேற்றுப் பாடநூலை மருத்துவ மாணவர்கள் 'முதலியார், மேனன்' என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தையும் ஒற்றையாக விடவில்லை. பிரித்தாலும் பொருள் தந்த இந்த இருவரே அடுக்குத்தொடருக்கு எடுத்துக்காட்டு.

அடுத்து மோனை. இரட்டையர் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குவதற்குப் பெற்றோரின் கவித்துவம் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். காரணம் சந்திரன். ஒரு நட்சத்திரத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய ஒரு நாள். ஒரு பாதத்துக்கு ஆறு மணி நேரம். பத்து நிமிட இடைவெளியில் பிறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பாதத்தில்தான் மாட்டுவார்கள். ரோகிணி இரண்டாம் பாதம் என்றால் ஜோசியர் இருவருக்கும் 'வ' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

அப்படி வந்தவர்கள்தான் என் சித்தி வீட்டு வர்ஷனும் வர்ஷித்தும். சித்தி அடுக்களையிலிருந்து 'டேய் வர்ஷ்...' என்று ஆரம்பித்ததுமே இருவரும் மொட்டை மாடியில் இருப்பார்கள். பெயரின் வால் காதில் விழவில்லை, கூப்பிட்டது அவனை என்று நினைத்தேன் என்பது இருவரின் நிரந்தர வாதம். பள்ளியில் இனிஷியலும் ஒன்று, எனவே தேர்வு எண் அடுத்தடுத்து. ஒரே கணக்கை ஒரே மாதிரி தப்பாகப் போட்டதற்கு விசாரணை நடந்தது. ஓர் அலுவலகத்தில் இரண்டாவது விண்ணப்பத்தைத் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த தேதி, தகப்பன், முகவரி, முகம் எல்லாம் ஒன்று. 'பேர் வேற சார்' என்றார் சித்தப்பா. 'எழுத்துப் பிழைன்னு நெனச்சுட்டோம் சார்' என்று பதில் வந்தது. கலப்படமில்லாத இரட்டைக்கிளவி.

சினிமாக்காரர்கள் விவரமானவர்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) ஒரு எம்.ஜி.ஆர். ராமு, இன்னொருவர் இளங்கோ. சவுக்கை எடுத்தவர் யார் என்று கடைசி பெஞ்சு ரசிகருக்கும் சந்தேகம் வராது.

பெயருக்கு முன்னால் பிள்ளை வேண்டுமே. இரட்டைப் பிள்ளைக்குக் காரணம் ஒட்டிப் பிறந்த வாழைப்பழம் என்பது நம் ஊர்க் கோட்பாடு. மூன்று மாதக் கர்ப்பிணியான என் தங்கையின் இலையில் ஒருமுறை அப்படிப்பட்ட பூவன் பழம் விழுந்தது. பரிமாறியவன் அடுத்த இலைக்குப் போவதற்குள் எங்கள் அத்தைப்பாட்டி கை நீட்டி அதைப் பறித்து, தோலுரித்து, தானே தின்றுவிட்டார். அவருக்கு வயது 74. ஆபத்தில்லை.

விஞ்ஞானப்படி அந்தப் பழம் தாமதமாக வந்தது. உருவொத்த இரட்டையர், கரு உருவான இரண்டு வாரத்துக்குள் ஒன்று இரண்டாகப் பிரிவதால் உண்டாகிறவர்கள். ஆயிரம் பிரசவத்துக்கு மூன்று, நான்கு என்று உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே கணக்கு. பரம்பரைக்கு இதில் பங்கில்லை. உருவம் ஒவ்வாத இரட்டையருக்கு ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெளிவர வேண்டும். தாய் முப்பதுகளின் நடுவில் இருந்தால், உயரமாக இருந்தால், ஏற்கெனவே பெற்றிருந்தால், தாய்வழியில் இரட்டையர் இருந்தால் அதற்கு வாய்ப்பு கூடும். 'எங்க பரம்பரையில ரெட்டை உண்டு' என்று மீசையை முறுக்கும் மாமனார்கள் கவனிக்க: உங்கள் பரம்பரையால் மருமகளின் முட்டைக் கணக்கு மாறாது, மகளுக்கு வேண்டுமானால் போகலாம். இதையெல்லாம் மீறி, செயற்கைக் கருத்தரிப்பும் தள்ளிப்போகும் தாய்மையும் சேர்ந்து 1980களில் ஆயிரத்துக்கு ஒன்பதாக இருந்த உலகக் கணக்கை 2015க்குள் பன்னிரண்டாக்கிவிட்டன.

மலப்புறம் மாவட்டத்தின் கொடிஞ்ஞி கிராமத்தில் நூற்றுக்கணக்கான இரட்டையர். காரணம் இன்னும் பிடிபடவில்லை. அங்கே வாழைப்பழத்துக்குப் பஞ்சமில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். நைஜீரியாவின் யோருபா மக்களிடம் இரட்டையர் மிக அதிகம். இக்போ ஓரா என்ற ஊரில் வள்ளிக்கிழங்கையும் வெண்டை இலைக் குழம்பையும் காரணமாகச் சொல்கிறார்கள். பெயர் விஷயத்தில் அவர்களே தெளிவானவர்கள். ஆணோ பெண்ணோ, முதலில் வருவது தையோ, அடுத்து வருவது கெஹின்டே. பின்னால் வந்த கெஹின்டேதான் மூத்தது. உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர இளையதை அனுப்பி வைத்ததாம். ஜோசியர் இல்லை, எழுத்து இல்லை, கூப்பிட்டால் குழப்பமும் இல்லை.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே இரட்டைக்குக் காத்திருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுதிக் கொடுக்கும் முன் கொல்லைப்புறத்தில் நின்று இரண்டு பெயரையும் ஒருமுறை உரக்கக் கத்திப் பாருங்கள். அவசரம் வேண்டாம்: பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப் பன்னிரண்டு மாதம் வரை கட்டணம் கிடையாது.