கூதிர்காலக் கம்பளிப் பின்னலும் முடிவுறாக் கைகளும்: யட்டவத்தையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

நெசவைப் பற்றித் தமிழில் எழுதியவர் பலர். பாவு, ஊடை, தறி, கரை என ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இரண்டு ஊசியும் ஒரு நூலுருண்டையும் கொண்டு ஒரு குடும்பத்தையே மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் கலையைப் பற்றி அறிஞர் உலகம் இன்னும் வாய் திறக்கவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வு வினா ஒன்றே: பனிக்காலம் நெருங்குகையில், கையிலிருக்கும் ஸ்வெட்டரை முடிக்காமலே நான்காவது உருப்படிக்குக் கண்ணி போடுவது ஏன்?

ஆய்வுக் களம்

யட்டவத்தை, இலங்கையின் மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்தது. மிளகுக்கும் கராம்புக்கும் கொக்கோவுக்கும் பேர்போன மாவட்டம் அது. இவற்றுள் கொக்கோ முக்கியமான சாட்சி. குளிர் ஆகாத மரம் அது. கொக்கோ காய்க்கும் மண்ணில் கம்பளிச் சட்டைக்கு என்ன வேலை என்று எதிர்க்கட்சியார் கேட்பது நியாயமே.

கணக்கும் அவர்கள் பக்கமே நிற்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாத்தளை நகரம் ஏறத்தாழ 360 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆக, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 10 பாகை வித்தியாசம். நுவரெலியாவில் புல் மேல் உறைபனி படியும் தை மாதத்தில், மாத்தளைப் பக்கத்தில் மின்விசிறியை ஒன்றாம் எண்ணில் வைப்பதா, நிறுத்துவதா என்பதே விவாதம்.

ஆனாலும் இங்கே குளிரைத் தெர்மாமீட்டர் அளப்பதில்லை, பெரியவர்கள் அளக்கிறார்கள். "காதுல பனி இறங்கிடும், கட்டிக்க" என்ற கட்டளைக்கு மேல்முறையீடு கிடையாது. இந்த அச்சத்துக்கு வரலாறும் உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குத் தோட்ட வேலை தேடி நடந்தே வந்தவர்கள் தமிழகத்துச் சமவெளியின் வெயிலில் வளர்ந்தவர்கள். மலைநாட்டுத் தமிழரின் முதல் குளிராடை பின்னியது அன்று, போர்த்தியது. தோட்டத்தில் கொடுத்த அந்தக் கம்பளியும் தொழிலாளியின் கடன் கணக்கில் ஏறியது.

முன்னோர் ஆய்வுகள்

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. பின்னல் வேலையின் கால அட்டவணை இதுவே: கூதிரில் தொடங்குவது, முன்பனியில் அடுக்குவது, பின்பனியில் டின்னுக்குள் வைப்பது.

நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகளில் கூதிர்க் குளிரை விரிக்கிறது. கோவலர் தீயில் கை காய்ச்சுகிறார்கள், குரங்கு ஒடுங்குகிறது, பறவை நடுங்கி விழுகிறது. ஒருவர் கையிலும் பின்னல் ஊசி இல்லை. பாசறைக்குப் போன கணவனை நினைத்து உறங்காதிருக்கும் தலைவியிடம் எட்டாம் நம்பர் ஊசியையும் நான்கு உருண்டை ஊலையும் கொடுத்திருந்தால் இரவு எளிதாகக் கழிந்திருக்கும். நமக்கு ஓர் இலக்கியம் கிடைக்காமலும் போயிருக்கும்.

அடுத்த சான்று பேகன். மயிலுக்குக் குளிருமென்று தன் போர்வையைக் கொடுத்தவன். அளவெடுக்காமல் குளிராடை வழங்கும் மரபு இவனிடம் தொடங்குகிறது. அவனுடைய வள்ளன்மையை ஆராய்ந்தோர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவன் கொடுத்தது முடிந்த உருப்படி. பின்னித் தருவதாக வாக்களித்திருந்தால் மயிலுக்குக் கழுத்துப்பட்டி மட்டும் கிடைத்திருக்கும்.

இங்கிலாந்தில் 1589இல் வில்லியம் லீ பின்னல் இயந்திரம் செய்தார். இயந்திரம் ஒன்றை முடித்துவிட்டே அடுத்ததைத் தொடும். அதனால்தான் அது தொழிலாகிவிட்டது, கைப்பின்னல் கலையாகவே இருந்துவருகிறது.

களத் தரவு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீட்டின் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை. தரவு முழுவதும் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் அடக்கம். மூடியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம். மேலே மாப்பிள்ளைக்கான சாம்பல் நிற ஸ்வெட்டர்: முதுகு முடிந்தது, முன்பக்கம் முடிந்தது, ஒரு கை முடிந்தது, மறு கை மணிக்கட்டுப் பட்டியோடு நிற்கிறது. கண்ணி நழுவாதிருக்க ஊசிமுனையில் ரப்பர் பேண்ட். மின்சார பில்லின் பின்புறத்தில் பென்சிலால் "6 வரிக்கு ஒருக்கா ரெண்டு ஓரமும் 1 கூட்டு" என்ற குறிப்பு. அதற்குக் கீழே பேரனின் தொப்பி. பேரனின் தலை அதற்குள் வளர்ந்துவிட்டது. அடுத்து, குளிரே வராத கொழும்பில் இருக்கும் நாத்தனாருக்கு ஷால். கடைசியில் டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு மஃப்ளர். நால்வரில் உண்மையாகக் குளிரில் நிற்பவர் அவர் ஒருவரே. அவரோ கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டுவிட்டார்.

விதிகள்

1. கை விதி. முதல் கையைப் பின்னும்போது அடுத்த வரி எப்படி வரும் என்ற ஆவல் இருக்கும். இரண்டாவது கையில் எல்லாம் தெரிந்த கதை. மேலைநாட்டுப் பின்னற்காரர்கள் இதையே 'இரண்டாவது காலுறை நோய்' என்கிறார்கள். ஆகவே, ஒருவர் புதிதாகக் கண்ணி போடுவது குளிருக்கு அஞ்சி அல்ல, பழைய கைக்கு அஞ்சியே என்க.

2. ஊசி விதி. முடியாத ஒவ்வொரு உருப்படியும் ஒரு சோடி ஊசியைச் சிறைப்பிடிக்கும். புதிய வேலைக்குப் புதிய ஊசி வேண்டும். ஊசி வாங்கக் கடைக்குப் போனவர் ஊசியோடு மட்டும் திரும்பியதாக வரலாறு இல்லை.

3. காத்திருப்பு விதி. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் ஒரு சூத்திரத்தை நிறுவினார். கையில் உள்ள வேலைகளின் எண்ணிக்கை, வேலை முடியும் வேகத்தைக் காத்திருக்கும் காலத்தால் பெருக்கியதற்குச் சமம். வங்கி வரிசைக்கும் பொருந்தும், பிஸ்கட் டின்னுக்கும் பொருந்தும். மாதம் ஓர் உருப்படி முடிக்கக்கூடிய கை, எப்போதும் நான்கை வைத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரி நான்கு மாதம். ஐப்பசியில் தொடங்கியது மாசியில் உடுத்தக் கிடைக்கும். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் தேர். அந்த வெயிலில் ஸ்வெட்டரோடு வடம் பிடிக்க எந்த மாப்பிள்ளையும் முன்வரமாட்டார். ஒன்று முடிந்தபின் ஒன்று என்று பின்னினால் உழைப்பு அதேதான். ஆனால் முதல் ஆள் கார்த்திகையிலேயே கதகதப்பாக இருப்பார்.

4. நினைவு விதி. முடித்த வேலையைவிட முடியாத வேலையே மனத்தில் நிற்கும் என்று 1927இல் உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் எழுதினார். அவர் வேலை செய்பவரின் மனத்தையே ஆராய்ந்தார். காத்திருப்பவரின் நினைவாற்றல் அதனினும் பெரிது என்பது இக்கட்டுரையின் பங்களிப்பு. "அத்தை, அந்த ஸ்வெட்டர்..." என்று மாப்பிள்ளை இழுப்பார். "கை மட்டுந்தான் பாக்கி, மாப்பிள்ளை" என்று பதில் வரும். தீபாவளிக்கும் இதே உரையாடல், பொங்கலுக்கும் இதே உரையாடல்.

மறுப்பும் விடையும்

பல வேலை வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது என்பது மறுதரப்பின் வாதம். கயிறுபோல் முறுக்கிவரும் பின்னலுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், கண்ணி எண்ண வேண்டும், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வெறும் நேர்ப்பின்னலாகப் போகும் மஃப்ளரை நாடகம் பார்த்துக்கொண்டும், ஐப்பசி மழையில் கரண்ட் போன பின்னும் விரலின் பழக்கத்திலேயே பின்னலாம். இவ்வாதம் வலுவானது, ஏற்கிறோம். ஆனால் இது நிறுவுவது இரண்டு உருப்படியை மட்டுமே: வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று. மூன்றாவது ஆசை. நான்காவது, உறவினரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாமை.

முடிவும் பரிந்துரையும்

குளிரின் அளவுக்கும் டின்னில் உள்ள உருப்படிகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. உறவின் அளவுக்கே தொடர்பு. இதிலிருந்து பெறப்படும் நடைமுறை நான்கு. இரண்டு கைகளையும் ஒரே ஊசியில், இரண்டு உருண்டை வைத்து, சேர்த்தே பின்னுக. இரண்டும் ஒன்றாக முடியும், ஒரே அளவாகவும் வரும். முதுகுக்கு முன்பே கைகளை முடித்துவிடுக. ஊலை ஒரே தடவையில், ஒரே சாய இலக்கத்தில் வாங்குக. பாதியில் தீர்ந்து மறுபடி போனால் அதே சாம்பல் நிறம் கிடைக்காது. பிள்ளைகளுக்குப் பின்னுவதை அடுத்த வருடத்து அளவுக்கே பின்னுக.

வாக்குக் கொடுத்துவிட்டு வாசித்துக்கொண்டிருப்போர் இன்றிரவே டின்னைத் திறக்க வேண்டுகிறோம். புதிய உருண்டையைத் தொட வேண்டாம். அந்த மறு கையை முதலில் எடுங்கள்.