எல்லாம் பேக்கேஜில் அடக்கம்

வெளிநாட்டில் படிக்கும் மாணவர் விடுதிக்குப் போகாமல், உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் பணம் கொடுத்துத் தங்கி, அவர்களோடு உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்டே மொழி பழகும் முறைக்கு ஹோம்ஸ்டே என்று பெயர். ஸ்பானிய மொழிக்கு இம்முறையில் பேர்போன ஊர், மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டிலுள்ள அந்திகுவா. 1543இல் எழுந்த அந்நகரை 1773இல் நிலநடுக்கம் குலைத்தது. அதுவரை அங்கிருந்த தலைநகர் வேறிடம் போனது. 1979 முதல் அந்திகுவா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அங்குள்ள மொழிப்பள்ளிகள் பலவற்றில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். தங்கும் வீட்டையும் பள்ளியே ஏற்பாடு செய்து தரும்.

இது உலக வழக்கம். தேனி மாவட்ட வழக்கத்தை அறிய, பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையொன்றில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சிக்காரருக்கும் கடை முதலாளிக்கும் நடந்த பேச்சே போதுமான பாடம்.

முதலில், இடம்.

கன்சல்டன்சிக்காரர்: அண்ணே, மகளுக்கு ஸ்பெயின்லயே ஒரு குடும்பம் பாத்தாச்சு. தங்கல், சாப்பாடு, பாஷை எல்லாம் பேக்கேஜ்ல அடக்கம்.

வியாபாரி: நோட்டீசுல ஸ்பெயின் கால்பந்து மைதானம் போட்டிருக்கு. கீழ விலாசம் அந்திகுவா, குவாத்தமாலான்னு இருக்கே தம்பி?

கன்சல்டன்சிக்காரர்: ரெண்டு ஊர்லயும் ஒரே பாஷைதான்ணே.

வியாபாரி: நடுவுல அட்லாண்டிக் கடல் கெடக்கு.

கன்சல்டன்சிக்காரர்: அதுவும் பேக்கேஜ்ல அடக்கம்ணே.

போடி வியாபாரியிடம் குவாத்தமாலாவைப் பற்றிக் கதை விடுவது வீண் வேலை. உலகில் மிக அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்வது அந்த நாடுதான். நூறாண்டுக்கு முன் ஒரு ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்ட செடி, இன்று அரபு நாட்டுக் காப்பிக்குக் காய் அனுப்புவதில் போடிக்கும் கேரளத்து வண்டன்மேட்டுக்கும் போட்டியாக நிற்கிறது. அங்கே விளைச்சல் கூடினால் இங்கே விலை படுத்துவிடும்.

இரண்டாவது, மொழி.

கன்சல்டன்சிக்காரர்: மூணே மாசம்ணே. பாப்பா ஸ்பானிஷ்ல சண்டையே போடும். அந்த வீட்டு அம்மாவே சர்டிபிகேட்டும் குடுத்துரும்.

வியாபாரி: சோறு போட்ட அம்மா எப்படிப்பா மார்க்கும் போடும்?

கன்சல்டன்சிக்காரர்: அதெல்லாம் பேக்கேஜ்ல...

வியாபாரி: அடக்கம். சரி, நான் சொல்றேன், கேளுங்க. உலகம் பூரா செல்லுபடியாகுற பரீட்சைக்கு டெலேன்னு பேரு. ஏ1ல ஆரம்பிச்சு சி2 வரைக்கும் ஆறு படி. ஸ்பெயின் நாட்டுக் கல்வித்துறைக்காக செர்வாந்தஸ் நிறுவனம் நடத்துது. டெல்லியில 2009லயே அதுக்கு ஒரு மையம் வந்தாச்சு. மூணு மாசத்துல ஒரு பிள்ளை கடைக்குப் போகலாம், பஸ் ஏறலாம், தலை வலிக்குதுன்னு சொல்லலாம். அதுவே நல்ல படிப்புதான். அதுக்கு மேல பேசுனா, கூடப் பேசுறது நீங்க.

அவர் இன்னொன்றும் சொன்னார். குவாத்தமாலாவில் ஸ்பானிய மொழி மட்டும் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் உண்டு. அல்தா வெராபாஸ் மலையில் ஏலக்காய் பறிக்கும் குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கெக்சி மொழி. அந்திகுவா டவுன்காரர் வீட்டில் தங்கிவிட்டு, நாடு முழுவதையும் படித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

மூன்றாவது, சாப்பாடும் வீட்டு ஒழுங்கும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவில் தட்டிய ரொட்டியும் கறுப்பு பீன்ஸும் அங்கே அன்றாட உணவு. பல வீடுகளில் திங்கள் முதல் சனி வரை மூன்று வேளைச் சாப்பாடு உண்டு; ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு விடுமுறை. இரவு தாமதமானாலோ சாப்பாடு வேண்டாமென்றாலோ முன்கூட்டிச் சொல்ல வேண்டும். தங்க வருபவர் விருந்தாளியும் இல்லை, முதலாளியும் இல்லை. வீட்டு வழக்கத்துக்கு அவர்தான் வளைந்துகொடுக்க வேண்டும்.

கன்சல்டன்சிக்காரர்: அப்படியும் மூணு வேளை இட்லி கேட்டிருக்கோம்ணே. பேக்கேஜ்ல...

வியாபாரி: மூணு வேளை இட்லி திங்க போடியிலயே இருந்துக்கலாமே தம்பி, கடல் எதுக்கு?

நான்காவது, குடும்பத் தேர்வு. பேச்சின் திசை மாறியது இங்கேதான்.

கன்சல்டன்சிக்காரர்: கவலையே படாதீகண்ணே. நம்ம ஆளுக மாதிரி நல்ல குடும்பமாத்தான் பாத்திருக்கோம்.

வியாபாரி: நம்ம ஆளுகளா? அங்க போயுமா? நீங்க என்ன ஆளுகன்னு அவுககிட்டக் கேட்டீகளா?

கன்சல்டன்சிக்காரர்: கேக்கலாம்னுதான் இருந்தோம்ணே. ஸ்பானிஷ் தெரியல.

வியாபாரி கையிலிருந்த காய் ஒன்றை நகத்தால் கீறிப் பிளந்தார். உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுவென்றிருந்தால் முற்றிய காய், வெளுத்திருந்தால் பிஞ்சு. அது கறுத்திருந்தது. வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

வியாபாரி: உங்க மாடி வீடு ரெண்டு மாசமாக் காலியாக் கெடக்கே. இந்தா மூட்டை தூக்குறானே ஜார்க்கண்ட் பையன், அவனும் அவன் பொண்டாட்டியும் வீடு தேடி அலையுறாக. வாடகை ஒழுங்காக் குடுப்பான். குடுக்குறீகளா?

கன்சல்டன்சிக்காரர்: அது வந்துண்ணே... பேமிலிக்கு மட்டும்தான்...

வியாபாரி: பொண்டாட்டியோட வர்றவன் பேமிலி இல்லாம வேற என்ன?

கன்சல்டன்சிக்காரர்: அக்கம்பக்கம் ஒத்துக்காதுண்ணே. அவுக சமையல் வாடை வேற. பாஷையும் புரியாது.

வியாபாரி: பாஷை புரியாத வீட்டுல போய்த் தங்குறதுக்குத்தானய்யா எங்கிட்ட லட்சக்கணக்குல கேக்குற! பக்கத்துத் தெரு வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்தா பிள்ளையை அடிக்கிறான் இந்த ஊர்ல. வாடகைக்கு வீடு கேட்டாப் பேரைக் கேக்குறதுக்கு முந்தி ஜாதியைக் கேக்குறான். காலையில கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஜீப்புல நெருக்கியடிச்சுக் காயெடுக்கப் போற பொம்பளைகளுக்குத் தனி டம்ளர் வச்ச ஊருய்யா இது. யாரு வீட்டுச் சோத்தையும் தொடாத பய, பேரே தெரியாத ஒரு அம்மா தட்டுற சோள ரொட்டிய டாலர் கட்டித் திங்க மகளை அனுப்புவானாம். அதுக்குப் பேரு உலக அறிவாம். அந்த அம்மா உங்கள மாதிரி ஆளு பாத்துக் கதவைத் தொறந்தா, உங்க பேக்கேஜ் என்னத்துக்கு ஆகும்?

கன்சல்டன்சிக்காரர்: ...அண்ணே, கோவமும் பேக்கேஜ்ல...

வியாபாரி: எந்திரிச்சுப் போங்க தம்பி. அது ஒண்ணுதான் ஓசி.

மகளை வியாபாரி அனுப்புகிறார். ஏஜென்ட் வழியாக அல்ல. அந்திகுவா போக விரும்பும் எவரும் செய்ய வேண்டியவை இவை. மொழிப்பள்ளிக்கு நேரடியாக எழுதி, கட்டணத்தைப் பள்ளியிடமே கட்ட வேண்டும். எத்தனை வேளைச் சாப்பாடு, தனி அறையா, வீடு ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவார்களா என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். கிளம்பும் முன் முதல் படி ஸ்பானிய மொழியை இங்கேயே படித்துவிட வேண்டும். வேலை உறுதி, மூன்று மாதத்தில் சரளம் என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் தரக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் முந்திய தகுதி ஒன்று உண்டு. அந்நியருக்குத் தன் வீட்டுக் கதவைத் திறக்காதவருக்கு, அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டும் யோக்கியதை இல்லை.