மிதியின் மெல்லினம்: ஓர் இலக்கண ஆய்வு

பிரேக் மிதிக்கும் வல்லினம், மெல்லினம், இடையினம் உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு. வல்லின மிதி காலை எதிர்க்கும். மெல்லின மிதி பஞ்சுபோல் அமுங்கும். இடையினம்தான் வில்லங்கம்: முதலில் கெட்டியாக நின்று, மிதித்த கால் மிதித்தபடி இருக்கையிலேயே மெல்லத் தரைதொடும். நாமக்கல் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் ‘இறங்குது’ என்று ஒரே சொல். ஆய்வாளனுக்கு அது போதாது. (பெரிய லாரிகளின் ஏர் பிரேக்குக்கு இலக்கணமே வேறு, இங்கே ஆயில் பிரேக் மட்டும்.)

ஆய்வுப்பொருள், என் மைத்துனரின் முப்பது வயது மினி லாரி. மெல்லினம்.

மெல்லினத்துக்குக் காரணம் காற்று என்பது முன்னோர் கொள்கை. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். காலின் உழைப்பெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பழைய ஆயிலும் இதற்கு உடந்தை. டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. ஈரத்தைக் குடித்துக் குடித்து அந்த வரம்பு 140க்கு வந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்குபவர், குழாய்க்குள் தாமே ஆவி காய்ச்சிக்கொள்கிறார்.

இரண்டு மூன்று முறை மிதித்ததும் மிதி உயர்ந்து கெட்டியானால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. உயர்ந்தும் பஞ்சாகவே இருந்தால் காற்று. ‘ரெண்டு பம்ப் அடிச்சா புடிக்குதுங்க’ என்று ஓட்டுநர்கள் சோதனையையே வைத்தியமாக்கிக்கொண்டது தனி ஆய்வுக்குரியது.

எங்கள் வண்டியில் காற்றுதான். தூரத்துப் பின்சக்கரத்தில் தொடங்கினோம். பட்டறைப் பையன் வண்டிக்கடியில், மிதிமேல் நான். “மிதிங்க... மிதிங்க... புடிங்க!” பாட்டிலுக்குள் விட்ட டியூபில் நாலைந்து குமிழி வந்தது. உற்சாகம் மேலிட, ஒவ்வொரு முறையும் தரை தட்ட மிதித்தேன். நாலு சக்கரமும் முடிந்து, முன்னோர் கொள்கை வென்றதாக அறிவித்து டீ குடித்தோம்.

திரும்பி வந்து மிதித்தால், கல்லாக நின்ற மிதி, குற்றியலுகரம்போல் குறுகிக் குறுகித் தரைக்கே போனது. இடையினம்!

பையன் சக்கரங்களின் உட்புறத்தைத் தடவினான், ஈரமில்லை. ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை. “வெளிய போகலைண்ணா, உள்ளயே திரும்புது” என்று மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினான். பெருவிரல் நுனியளவு ரப்பர் கப். அதன் விளிம்பில் நகம் கீறியதுபோல் ஒரு கோடு. சிலிண்டரின் உட்கோடியில் துரு.

“இத்தன வருஷம் கப்பு போகாத எடம்ணா அது. நீங்க தரையோட மிதிச்சு அங்க தேய்ச்சுட்டீங்க.”

மெல்லினம் இடையினமாகத் திரிந்ததற்கு ஆய்வாளரே காரணம் என்னும் இக்கருத்து மேலாய்வுக்குரியது. புது கிட்டுக்கான பணத்தை மைத்துனர் என்னிடமே வாங்கிக்கொண்டார்.