நிலா வரும்வரை பசித்திருப்பது எப்படி?

தேவையான பொருட்கள்: தினசரி நாள்காட்டி 1, கிழக்கு பார்த்த மொட்டை மாடி 1, அதன் சாவி, அறுகம்புல் ஒரு பிடி, கொழுக்கட்டை செய்யத் தெரிந்த இன்னொரு ஆள், நிலா 1. கடைசிப் பொருள் கடையில் கிடைக்காது. சங்கடஹர சதுர்த்தி விரதத்தில் இருக்கிற சங்கடமெல்லாம் அதனால் வருவதுதான்.

பௌர்ணமி கழிந்து வரும் தேய்பிறைச் சதுர்த்தியன்று காலையிலிருந்து பட்டினி. சாயங்காலம் பிள்ளையார் கோயில். இரவு நிலா எழுந்ததும் அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பாடு. மாசத்துக்கு ஒரு நாள்தானே என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். சந்திர மாதத்துக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள்தான் என்பதால், வருஷத்துக்கு 12 என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வருஷம் 13 வந்து நிற்கும். போனஸ் மாதிரி.

முதல் வேலை, நாளைக் கண்டுபிடிப்பது. இதில்தான் நான் முதல் மாதமே கவிழ்ந்தேன். காலையில் தாளைக் கிழித்தேன். கொட்டை எழுத்தில் ‘சதுர்த்தி’ என்று போட்டிருந்தது. காபியைக்கூடத் தொடாமல் மத்தியானம்வரை இருந்துவிட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, மாப்பிள்ளை என்ற மரியாதைக்காகப் பன்னிரண்டு மணிவரை பொறுத்திருந்துவிட்டு, “அது நேத்தே முடிஞ்சு போச்சே மாப்ளே” என்றார். முந்தின நாள் தாள் குப்பைக் கூடையில் கிடந்தது. எடுத்துப் பிரித்தால், ‘திருதியை மாலை 5.12 வரை, பிறகு சதுர்த்தி’.

விஷயம் இதுதான். இந்த விரதத்துக்குச் சூரியன் எழும்போது என்ன திதி என்பது கணக்கில்லை. நிலா எழும்போது சதுர்த்தி இருக்க வேண்டும். சூரியனை விட்டு நிலா 12 பாகை விலகினால் ஒரு திதி. நிலா பூமிக்குக் கிட்டே வரும்போது வேகமாக ஓடும், தள்ளிப் போனால் நிதானமாக நடக்கும். ஆகவே திதி ஒருநாள் 20 மணி நேரத்தில் முடியும், இன்னொரு நாள் 26 மணி நேரம் இழுக்கும். இது போதாதென்று வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரமும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறொரு நேரமும் சொல்லும். உங்கள் தெருக் கோயில் குருக்கள் எதை வைத்திருக்கிறாரோ அதுதான் உங்களுக்கும் பஞ்சாங்கம். அங்கே போய் வானியல் பேசாதீர்கள். நான் பேசினேன். அன்று எனக்குச் சுண்டல் கடைசியில்தான் கிடைத்தது.

இன்னொரு எச்சரிக்கை. சதுர்த்தி இரண்டு உண்டு. ஆவணியில் வரும் விநாயகர் சதுர்த்தி வளர்பிறையில். அன்று நிலாவைப் பார்க்கக் கூடாது. பிள்ளையாரின் தொந்தியைப் பார்த்துச் சந்திரன் சிரித்து, சாபம் வாங்கிய கதை தெரிந்திருக்கும். ‘நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு’ என்கிற பழமொழியும் வீட்டுக்கு வீடு உண்டு. தேய்பிறையிலோ அதே நிலாவைப் பார்க்காமல் சோறு கிடையாது. ராத்திரி ஒன்பது மணிவாக்கில் வளர்பிறைச் சதுர்த்தி நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். தேய்பிறைச் சதுர்த்தி நிலா கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும். திசை தெரியாதவர்கள் விரதம் இருக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது பட்டினியின் தரம். தண்ணீர்கூட இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது. பாலும் பழமும் என்பது நடுத்தரம். நம்மைப் போன்றவர்களுக்கென்றே பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்தது ‘பலகாரம்’. அந்தச் சொல்லே ‘பல ஆகாரம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அங்கே ‘பல’ என்றால் பழம். பழம் மட்டும் சாப்பிடுவது என்று தொடங்கிய ஒன்று நம்மிடம் வந்து இட்லி, ரவா உப்புமா, அடை, வெல்லம், தொட்டுக்கொள்ள வெண்ணெய் என்று ஆகியிருக்கிறது. ஒரு சொல் இவ்வளவு பருத்துப் போய் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மராட்டியர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு இது ‘சங்கஷ்டி’. செவ்வாய்க்கிழமையில் வந்துவிட்டால் ‘அங்காரகி’. மும்பை சித்திவிநாயகர் கோயில் வரிசை அன்று எங்கே தொடங்குகிறது என்று அந்த விநாயகருக்கே தெரியாது. விரதச் சாப்பாடு ஜவ்வரிசிக் கிச்சடி. அரிசி ஆகாது, ஜவ்வரிசி ஆகும். அந்த ஜவ்வரிசி நம் சேலத்துப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து போவது. கிச்சடியில் விழும் நிலக்கடலை, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், ஏன் அந்த மரவள்ளியும்கூட, நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவை. ஆயிரக்கணக்கான வருஷமாக இங்கேயே விளைந்த அரிசிக்கு அன்று உள்ளே வர அனுமதியில்லை. நேற்று வந்த மிளகாய்க்கு மடி, ஆசாரம் எல்லாம் சரியாக இருக்கிறது. பிள்ளையாருக்கு ஆட்சேபம் இல்லை என்றால் எனக்கும் இல்லை.

காபி? காபி மருந்து.

அலுவலகத்தில் விரதத்தை அறிவிக்க ஒரு முறை உண்டு. தானாகச் சொல்லக் கூடாது. டீ வரும்போது கையை மட்டும் அசைக்க வேண்டும். “ஏன் சார்?” என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் இன்னொரு முறை அசைக்கலாம். குரலை அரை ஸ்ருதி இறக்கி, “இன்னைக்குச் சதுர்த்தி” என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கவும்.

மாலை ஆறு மணிக்குக் கோயில். அறுகம்புல் கொண்டு போங்கள். பக்தி மிகுதியில் துளசியை வாங்கிப் போய்விட வேண்டாம். பிள்ளையாருக்கு அது ஆகாது. பால், தயிர், தேன், இளநீர், பன்னீர், சந்தனம் என்று அபிஷேகம் ஒவ்வொன்றாக நடக்கும். காலையிலிருந்து சாப்பிடாத ஒருவர் பார்வையில் இது முழுக்க முழுக்க உணவுப் பட்டியல். தலையில் குட்டிக்கொள்வதில் ஆபத்தில்லை. தோப்புக்கரணம்தான் யோசித்துப் போட வேண்டும். வெறும் வயிற்றில் ஆறாவது எண்ணிக்கையில் எனக்கு மூலவர் இரண்டாகத் தெரிந்தார். ஔவையாரின் விநாயகர் அகவலைச் சேர்ந்து சொல்லும் கூட்டம் இருந்தால் அதில் நுழைந்து உட்கார்ந்துவிடுங்கள். சொல்லத் தெரியாவிட்டாலும் சுவரில் சாய்ந்துகொள்ள இடம் கிடைக்கும்.

ஏழேகாலுக்கு உங்கள் கையில் தொன்னை வந்து சேரும். சூடான கொண்டைக்கடலைச் சுண்டல், மேலே தேங்காய்த் துருவல். நிலா எழும் நேரம் 9.04. பிரசாதத்தை மறுப்பது பாவம். நிலாவுக்கு முன் சாப்பிட்டால் விரதம் போயிற்று. இந்தத் தர்மசங்கடத்துக்கு மூன்று தலைமுறையாக என் குடும்பத்தில் விடை இல்லை. என் அப்பா தொன்னையை வீட்டுக்குக் கொண்டு வந்து மூடி வைப்பார். ஒன்பது மணிக்குத் திறந்தால் காலியாக இருக்கும். வீட்டில் குழந்தைகள் நாங்கள் மூன்று பேர்.

இனி வீடு. நீங்கள் ஆண் என்றால் இந்தக் கட்டத்தில் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, விரதத்தின் கடுமையை முகத்தில் காட்ட வேண்டும். உள்ளே அதே விரதம் இருக்கிற உங்கள் மனைவி மாவு கிண்டி, வெல்லப் பாகில் தேங்காயைக் கிளறி, சொப்பு செய்து, ஆவியில் வைத்துக்கொண்டிருப்பார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரில் இருக்கும் ஒருவர் ஏலக்காய் மணக்கும் பூரணத்தின் முன் ஒரு மணி நேரம் நிற்பதும், உப்புக் கொழுக்கட்டைக்கு உப்பு சரியா என்று நாக்கில் வைக்க முடியாமல் கை அளவை நம்பிப் போடுவதும் எந்த விரத மகிமைப் புத்தகத்திலும் வராது. உப்புப் பார்க்க என்றே எங்கள் வீட்டில் பத்து வயதுப் பெண்ணுக்கு விரதத்திலிருந்து விலக்கு. ஒன்று தின்றுவிட்டு “இன்னொண்ணு தின்னாத்தான் தெரியும்” என்பாள். நான் இப்போதெல்லாம் தேங்காய் துருவிக் கொடுக்கிறேன். துருவும்போது வாயை மூடிக்கொள்வது நல்ல பயிற்சி.

கடைசிக் கட்டம் நிலா. பௌர்ணமியன்று சூரியன் மறையும்போது எழும் நிலா, பிறகு நாளுக்குச் சராசரி 50 நிமிடம் தாமதமாக வரும். சதுர்த்திக்கு எட்டரை, ஒன்பது. சில மாதம் ஒன்பதரையும் தாண்டும். நாள்காட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் சென்னை நேரம். கோயம்புத்தூர் மூன்றேகால் பாகை மேற்கே இருப்பதால் அங்கே ஏறக்குறைய 13 நிமிடம் கழித்துத்தான். என் சகலை கோவையில் இருக்கிறார். நான் கை கழுவும் நேரம் பார்த்துப் போன் செய்து, “என்ன, முடிச்சாச்சா?” என்று கேட்கும் குரலில் அந்தப் பதின்மூன்று நிமிடமும் இருக்கும்.

நேரத்துக்கு எழுந்தாலும் நிலா அடிவானத்தில்தான் எழும். அடிவானத்தில் எதிர்ப் பிளாக் இருக்கிறது. அதைத் தாண்ட மொட்டை மாடி வேண்டும். மாடிக்குச் சாவி வேண்டும். சாவி சங்கச் செயலாளர் வீட்டில். அவர் கல்யாண வரவேற்புக்குப் போயிருப்பார், சாப்பிட. சாவியை மத்தியானமே வாங்கி வைப்பவரே உண்மையான பக்தர்.

போன ஐப்பசியில் சாவி கிடைத்தது. மாடியில் எட்டுக் குடும்பம், கையில் தீர்த்தச் சொம்பு. வானத்தில் வடகிழக்குப் பருவமழை. “அதோ!” என்று மூன்றாம் மாடிக்காரர் காட்டியது கட்டுமான கிரேனின் விளக்கு. அதற்குள் இரண்டு பேர் கும்பிட்டுவிட்டார்கள். பத்து மணிவரை நின்றோம். அத்தைதான் முடிவு சொன்னார்: “பஞ்சாங்கத்துல வந்தாச்சு. வானத்துல வரலைன்னா அது நிலாவோட பாடு.” கிழக்கே பார்த்துத் தண்ணீரை விட்டார். ஐந்து நிமிடத்தில் எல்லார் வீட்டிலும் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

நான் ஒன்பது கொழுக்கட்டை. பதினொன்றரைக்குக் குப்பை போடக் கீழே இறங்கினேன். மேகம் விலகி, எதிர்ப் பிளாக் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ஒரு பக்கம் லேசாகச் சப்பிய நிலா நன்றாக நின்றுகொண்டிருந்தது. கையில் குப்பைப் பை இருந்ததால் கும்பிட முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.