மூளை இல்லாத நாட்டாமை

கேள்வி: நட்சத்திர மீனுக்கு மூளையே கிடையாதாமே! அதனால் கடற்கரைக்கு என்ன பயன்?

பதில்: நாட்டாமை செய்ய மூளை எதற்கு? பசி போதும்! அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கரையில், 1963-இல் ராபர்ட் பெயின் என்ற உயிரியலாளர் ஒரு பாறைப் பகுதியிலிருந்த நட்சத்திர மீன்களையெல்லாம் பிடுங்கிக் கடலுக்குள் வீசினார். இந்த நட்சத்திர மீன், மட்டியின் ஓட்டை இழுத்துச் சிறு இடுக்கு உண்டாக்கி, தன் இரைப்பையையே உள்ளே நுழைத்துத் தின்னும். தின்ன ஆள் இல்லாததும் மட்டிகள் பாறையை வளைத்துப் போட்டன. 15 வகை உயிர்கள் வாழ்ந்த இடத்தில் 8 மிஞ்சின. வலுத்தவரை அடக்க ஒருவர் இருந்தால்தான் இளைத்தவருக்கு இடம்! 2013 முதல் ஒரு கொள்ளைநோய் அந்தப் பசிபிக் கரையின் நட்சத்திர மீன்களை வாரிக்கொண்டு போனது. அவற்றில் ஒரு வகைக்கு இரையான கடல் முள்ளெலிகள் பெருகி, வட கலிஃபோர்னியாவின் கெல்ப் பாசிக் காடுகளில் பெரும்பகுதியை மேய்ந்து தீர்த்தன. நாட்டாமை போனால் ஊரே வெறிச்சோடும்.

கேள்வி: மீன்கள் எல்லாம் ஊமைதானே?

பதில்: சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் படகுவீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1980-களில் அவர்களைத் தூங்கவிடாத ரீங்காரம், மிட்ஷிப்மேன் என்ற மீனின் காதல் பாட்டு! ஆண் மீன் கல்லடியில் கூடு அமைத்து, இரவெல்லாம் பாடிப் பெண்ணை அழைக்கும். முட்டையிட்டதும் பெண் கிளம்பிவிடும். கடல் உள்வாங்கிக் கரை காய்ந்தாலும் ஆண் மீன் காவலை விடாது. பாட்டுக்காரர் எல்லாம் பொறுப்பற்றவர் என்று இனி யாரும் சொல்லக் கூடாது!