அரணாக்கயிறு ஆடையா? 90 டிகிரியில் ஓர் ஆய்வு

ஆய்வு என்றால் முதலில் ஒரு சிக்கல் வேண்டும். என் சிக்கல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்துக் குளியல் மாளிகை ஒன்றில், மாடிப்படி முடிகிற இடத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது. ‘டெக்ஸ்டீல்ஃப்ரை’. ஜவுளி இல்லாத பகுதி. நான் கரூர்க்காரன். எங்கள் ஊரில் டெக்ஸ்டைல் என்றால் சோறு. மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் கன்டெய்னர் கன்டெய்னராக ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பிழைக்கிற ஊரிலிருந்து போனவனிடம் ‘இங்கே ஜவுளி கூடாது’ என்றால் வயிற்றில் அடித்த மாதிரி இருக்குமா, இருக்காதா? அந்த அடி வயிற்றோடு நிற்காது, அதற்குக் கீழேயும் போகும் என்பது அடுத்த நிமிஷம்தான் புரிந்தது.

விதி இதுதான். கீழ்த்தளத்தில் நீச்சல் குளம். அங்கே நீச்சலுடை கட்டாயம். மேல்தளத்தில் சானா எனும் சூட்டறைகள். அங்கே நீச்சலுடையோடு போனால்தான் குற்றம். ஆண், பெண், கிழவர், குமரர் எல்லாரும் ஒரே பலகையில், பிறந்த மேனியாக. ஏன் என்று கேட்டால் சுகாதாரம் என்பார்கள்: நைலான் துணி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளத்துக் குளோரின் அதில் ஊறியிருக்கும், சூட்டில் எல்லாம் மூக்குக்கு வரும். துண்டு மட்டும் உண்டு. அதுவும் உட்காருகிறவனை மறைக்க அல்ல, அவன் உட்காரும் பலகையை மறைக்க. பாதம் வரை விரித்து உட்கார வேண்டும். ஒரு சொட்டு வியர்வை மரத்தில் படக்கூடாது. அந்த ஊரில் மானம் மனுஷனுக்கு இல்லை, மரத்துக்குத்தான்.

ஆய்வு மாதிரியின் அளவு: ஒன்று. வயது 43. எடை இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பார்வை மைனஸ் 6. இடுப்பில் கறுப்புக் கயிறு ஒன்று, புத்தம் புதுசு. போன லீவில் ஊருக்குப் போனபோது, பழையது நைந்துபோயிற்று என்று கோயில் வாசல் கடையில் வாங்கி வைத்திருந்து, “வெறும் இடுப்போட ஏரோப்ளேன் ஏறாத சாமி” என்று அம்மா கட்டிக்கொள்ள வைத்தது. சாயப்பட்டறை அனுபவம் உள்ளவர்கள் ‘புத்தம் புதுசு’ என்ற விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முன்னாய்வுகள்

ஜெர்மானியர் எப்போது அவிழ்த்தார்கள் என்பது பெரிய கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆலைப் புகையும் இறுக்கிப் பூட்டிய காலரும் சேர்ந்து மூச்சு முட்டவே, வெயிலும் காற்றும் தோலில் படட்டும் என்று ஓர் இயக்கமே கிளம்பியது. ‘ஃப்ரைகோர்ப்பர்குல்டூர்’ என்று பெயர். வாய் வலிக்கும் என்பதால் எஃப்.கே.கே. பிற்பாடு, எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்க வேண்டியிருந்த கிழக்கு ஜெர்மனியில்கூட பால்டிக் கடற்கரையில் துணியில்லாமல் குளிப்பது சர்வசாதாரணமாக இருந்தது.

சானா பின்லாந்துச் சரக்கு. சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் ஏறக்குறைய 30 லட்சம் சானா இருக்கிறது. 2020இல் யுனெஸ்கோவே அதை மரபுப் பட்டியலில் ஏற்றிவிட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு வந்த பின்லாந்து வீரர்களுக்காக விளையாட்டுக் கிராமத்தில் ஒரு சானா இருந்தது. ஜெர்மானியருக்கு அந்த ருசி பிடிபட்டதில் அதற்கும் பங்குண்டு. பழைய பாணிக்கு பாடன்-பாடன் போக வேண்டும். ரோமானியக் குளியலறை இடிபாடுகளுக்கு மேலே எழுந்து 1877இல் திறந்த ஃபிரீட்ரிக்ஸ்பாட் அங்கே இருக்கிறது. வெந்நீர், வெப்பக் காற்று, சோப்பும் பிரஷும், நீராவி, குளிர்நீர் என்று வரிசையாக 17 நிலைகள். சபரிமலைக்கு ஒரு படி குறைவு. ஆனால் அங்கே மாலை போட்டுக்கொண்டு போகிறோம், இங்கே இருப்பதையும் கழற்றுகிறோம்.

அரசியல் அறிஞர்கள் தவறவிடக் கூடாத தரவு ஒன்று. 1989 நவம்பர் 9, வியாழக்கிழமை, பெர்லின் சுவர் திறந்த இரவு. கிழக்கு பெர்லினில் அங்கேலா மெர்க்கல் என்ற ஆராய்ச்சியாளருக்கு வியாழன்தோறும் சானா போகிற வழக்கம். எல்லை திறக்கப்போகிறது என்று செய்தி வந்தும் அவர் முறையை விடவில்லை. சானாவை முடித்துவிட்டுத்தான் மேற்கே எட்டிப் பார்த்தார். பிற்பாடு அவரே சொன்ன விஷயம் இது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வெடி என்று தீபாவளி காலையில் நம் வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பதில்லையா, அந்த ரகம். அப்படிப்பட்டவர் பின்னாளில் 16 வருஷம் நாட்டை ஆண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சொல்லாய்வு

இந்த நிலைக்கு நம்மிடம் இருக்கும் சொற்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை. அம்மணம் என்ற சொல்லை அமணரோடு, அதாவது சமணத் துறவிகளோடு முடிச்சுப் போடுவார்கள். திகம்பரம் திசையையே ஆடையாகக் கொண்ட துறவிகளுடையது. நிர்வாணம் பௌத்தத்தில் வீடுபேறு. தமிழில் புழங்கும்போது வேட்டியையும் பறிகொடுத்துவிட்டது. ஆக, துணியைக் களைய வேண்டுமென்றால் துறவியாக வேண்டும் என்பது மொழியின் முடிவு. 28 யூரோ நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் களைகிறவனுக்குச் சொல் இல்லை. ‘பிறந்த மேனி’ இருக்கிறது. ஆனால் என் மேனியைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அது பிறந்தபோது இப்படி இல்லை.

மூலச் சிக்கல்

அரணாக்கயிறு ஆடையா, அல்லவா? படித்தவர்கள் அரைஞாண் என்பார்கள். ஞாண் என்றாலும் கயிறு என்றாலும் இடுப்பில் இருப்பது ஒன்றே. ஆடை என்றால் நான் விதியை மீறியவன், கதவைத் திறந்து வெளியே விடலாம். ஆடை இல்லை என்றால், அரணாக்கயிறு இருக்கிறவன் அம்மணம் இல்லை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்ததெல்லாம் பொய்.

கயிறு எதையும் மறைப்பதில்லையே, ஆடை ஆவது எங்ஙனம் எனின், கூறுதும். தெருவில் ஓடுகிற இரண்டு வயதுப் பயலைப் பாருங்கள். மேலே ஒன்றும் இல்லை, கீழே ஒன்றும் இல்லை, நடுவே ஒரு கயிறு. யாரும் முகம் சுளிப்பதில்லை. கயிறும் இல்லாமல் ஓடினால் “அரணாக்கயிறுகூட இல்லாம என்னடி இது” என்று தாய்க்கு வசவு விழும். ஆகவே மறைப்பது ஆடையின் இலக்கணம் அன்று. இருப்பதே இலக்கணம் என்க.

இன்னும் வலுவான சான்று வழக்கில் இருக்கிறது. எல்லாவற்றையும் இழந்தவனை ‘கோவணத்தையும் உருவிட்டாங்க’ என்கிறோம். அதற்கு மேலும் ஒன்று மிச்சம் இருக்கிறதே, அதை உருவியதாக யாரும் சொல்வதில்லை. உயிரோடு இருப்பவன் இடுப்பிலிருந்து அதை எடுப்பதில்லை. நைந்தால்கூடப் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்பது. வெறுமனே அறுப்பது ஒரே ஒரு நாளில், அதுவும் மற்றவர்கள். எனவே கயிற்றைக் கழற்று என்று ஜெர்மானியர் சொல்லியிருந்தால் அது சுகாதாரக் கோரிக்கை ஆகாது, ஈமக்கிரியைக் கோரிக்கை.

அதன் பயன் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குடலிறக்கம் வராது என்பார் மாமா. பாம்பு கடித்தால் கட்டுப்போடலாம் என்பார் சித்தப்பா. பிள்ளை இளைத்தால் கயிறு தளர்ந்து காட்டிக்கொடுக்கும் என்பது பாட்டி தரப்பு. பெரியப்பா வாதத்துக்கே வரவில்லை. பீரோ சாவியை அதில் கோத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். ஷ்டுட்கார்டில் லாக்கர் சாவியைக் கைப்பட்டையில் மாட்டிக் கொடுத்தபோது அவர் எவ்வளவு முன்னால் இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளி அரைஞாண் போட்டிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சங்கிலி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காற்று 90 டிகிரி இருந்தும் நாம் வேகாமல் இருப்பது, காற்று சூட்டைக் கடத்துவதில் மந்தம் என்பதாலும், உலர்ந்த காற்றில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகித் தோலைத் தணிப்பதாலும்தான். உலோகத்துக்கு அந்த மந்தம் கிடையாது. பருத்திக் கயிறு சுடாது. சுடாது, அவ்வளவுதான், வேறு எதுவும் செய்யாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

களப்பணி

அரசனுக்கும் காட்டில் அலையும் வேடனுக்கும் உடை இரண்டுதான் என்று புறநானூற்றில் நக்கீரர் கணக்குச் சொல்லியிருக்கிறார். சானாவிலும் துண்டு இரண்டு: உட்கார ஒன்று, துடைக்க ஒன்று. புறநானூறு படித்த நான் ஒன்றோடு போனேன். அதுவும் வாடகைத் துண்டு, பால் மாதிரி வெள்ளை. பழக்க தோஷத்தில் ஓரத்து லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். துருக்கி. கரூர்க்காரனின் மானம் பாதி அங்கேயே போயிற்று. மீதியை லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

சானா அறைக் கதவுக்கு வெளியே மரத்தில் ஒரு சின்ன அலமாரி, தபால் பெட்டி மாதிரி தடுப்புத் தடுப்பாக. மூக்குக்கண்ணாடி வைக்க. சூட்டில் பிரேமும் சுடும், லென்ஸ் பூச்சும் போய்விடும். ஏழு கண்ணாடிகள் அங்கே காலை மடக்கிப் படுத்திருந்தன. எட்டாவதை நான் வைத்தேன். இந்த ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு அந்த அலமாரிதான். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் தெரியாது! அந்தக் கதவைப் பார்த்ததிலிருந்து மூன்று வாரமாக நான் தூக்கம் கெட்டுக் கவலைப்பட்டது இந்தக் குருட்டுக் கூட்டத்துக்காக. கதவைத் திறந்தால் எனக்குத் தெரிந்தது மூன்று அடுக்குப் பலகையும் அதன்மேல் இளஞ்சிவப்பில் சில மேகங்களும்தான். மேகம் ஆணா பெண்ணா என்பதை மைனஸ் 6 சொல்லாது.

ஆனால் கை இருக்கிறதே, அதற்குக் கண் கெட்டதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு இடுப்புக்குப் போயிற்று. வேட்டி கட்டிய வம்சத்துக் கை. இடுக்கண் வரும்போது நண்பன் எப்படி வந்து நிற்க வேண்டும் என்பதற்கு வள்ளுவர் 788ஆம் குறளில் காட்டுகிற உவமையே இந்தக் கைதான்: உடை நழுவும் நொடியில் யாரும் சொல்லாமலே ஓடிப்போய்ப் பிடிக்கிற கை. கார்ல் கிரவுல் குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856இலேயே லைப்சிக்கில் அச்சிட்டுவிட்டார். ஆகவே இவர்களுக்குச் சேதி போகவில்லை என்று சொல்ல முடியாது. போயும், நழுவ எதுவும் இல்லாத இடத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். என் கை இடுப்பைத் தடவி, கயிற்றைக் கண்டுபிடித்து, அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் ‘ஆவ்ஃப்குஸ்’ ஆரம்பம். சானா மாஸ்டர் என்கிறவர் வந்து கதவைச் சாத்தி, யூகலிப்டஸ் வாசனைத் தண்ணீரைக் காய்ந்த கற்களின் மேல் ஊற்றினார். சொர்ரென்று ஆவி எழுந்தது. பெரிய துண்டு ஒன்றைத் தலைக்கு மேல் சுழற்றி, சாமிக்குச் சாமரம் வீசுவது போல ஒவ்வொருவர் முகத்துக்கும் அந்தச் சூட்டை அனுப்பினார். மூன்று சுற்று. நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை. முடிந்ததும் எல்லாரும் கைதட்ட வேண்டும். இரண்டாம் சுற்றில் உடம்பிலிருந்து தண்ணீர் கொட்டியது. இடுப்பில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. குனிந்து கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். வெள்ளைத் துண்டின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. கோடு கிளை விட்டுக்கொண்டிருந்தது.

சாயம். கோயில் வாசல் கடைக் கறுப்பு. கட்டுவதற்கு முன் சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. சாயத் தொழில் ஊரில் பிறந்தவனுக்கு இது சொல்லியா தர வேண்டும்?

பக்கத்து மேகம், வயசான குரல், மெதுவாக ஏதோ கேட்டது. காயமா, உதவி வேண்டுமா என்கிற தொனி. நான் கயிற்றைத் தூக்கிக் காட்டி விளக்கினேன். நம் மொழியைப் போலவே, ‘கொடுத்தது’ என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிற மொழி அது. சூட்டில் நான் கடைசிவரை போகவில்லை. “இது என் அம்மா” என்பதோடு நின்றுவிட்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் தோளை ஒரு முறை தட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

கைதட்டல் முடிந்ததும் எல்லாரும் வெளி முற்றத்துக்குப் போய்க் குளிர்ந்த காற்றில் நின்றார்கள். ஒவ்வொரு உடம்பிலிருந்தும் இட்லிப் பானை திறந்த மாதிரி ஆவி. நான் கறைத் துண்டைப் பந்தாகச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அலமாரியில் என் கண்ணாடியைத் தேடினேன். எட்டுக் கண்ணாடியில் என்னுடையது எது என்று கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டும். ஒன்றை எடுத்துப் போட்டேன், இன்னும் மங்கியது. தொடையில் கறுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது எதிரே ஒரு மேகம் நின்றது. இது மாநிறம். நடுவில் சிவப்பாக ஒரு கோடு.

என் மைனஸ் 6க்கும் அது தெரிந்தது. அதன் கண்ணும் என் இடுப்புக்குப் போயிருக்க வேண்டும்.

“ஏனுங்ணா, எந்தூருங்க?”

“கரூருங்க.”

“அப்படிங்களா! நமக்கு ஈரோடுங்க, பெருந்துறைப் பக்கம்.”

இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினோம். எத்தனை வருஷமாகிறது, எந்தக் கம்பெனி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எல்லாம். இத்தனை ‘ங்க’ போட்டு நான் யாரோடும் பேசியதில்லை. பேச்சு நடுவே அவர் கழுத்தைத் திருப்பாமலே, ஒரு கை மட்டும் என் பக்கம் நீண்டது. அதில் மடிப்புக் கலையாத துண்டு ஒன்று.

“இதைக் கட்டிக்குங்ணா. நம்மகிட்ட இன்னொண்ணு இருக்குதுங்க.”